மதர்த்த பசுமை: ஒரு லத்தீன் அடைச்சொல்லும் கல்கத்தாவும்

ஜேம்ஸ் ரனால்ட் மார்ட்டின் கல்கத்தாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர். 1837இல் அவர் அந்நகரின் மருத்துவ நிலவியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நகரத்து நீர், காற்று, மண், சாக்கடை, குடியிருப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒரு நோயாளியின் உடலைப் பார்ப்பதுபோல் பார்த்து எழுதிய நூல் அது. அதில் வங்காளத்தின் அடர்ந்த பச்சை ஒரு நோய்க்குறியாக வருகிறது. குளத்தோரப் புதர், வீட்டைச் சூழ்ந்த மூங்கில், காற்றை மறிக்கும் மரக்கூட்டம், அடியில் அழுகும் இலை இவற்றிலிருந்து எழும் நச்சாவிதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்பது அக்கால மருத்துவத்தின் உறுதியான நம்பிக்கை. ஆகவே காட்டை வெட்ட வேண்டும், நீரை வடிக்க வேண்டும், காற்றுக்கு வழி விட வேண்டும்.

அன்றைய ஆங்கிலப் பயண நூல்களிலும் அரசு அறிக்கைகளிலும் வங்காளத்துப் பசுமையைச் சொல்ல அடிக்கடி வரும் ஒரு சொல் ‘லக்ஸூரியன்ட்’. இன்றைய அகராதியைத் திறந்தால் செழிப்பான, அடர்ந்து வளர்ந்த என்று பொருள் இருக்கும். கேட்கும்போது பாராட்டாகத்தான் தோன்றும். ஆனால் மார்ட்டின் காலத்து ஆவணங்களை அந்தப் பாராட்டுப் பொருளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படித்தால் பாதிதான் புரியும். அந்தச் சொல் பிறந்த இடம் ஒரு குற்றச்சாட்டு. லத்தீனில் இருந்த அந்தக் குற்றச்சாட்டு கல்கத்தாவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது என்பதே இக்கட்டுரை காட்ட விரும்புவது.

வேரிலிருந்து தொடங்கலாம். ‘லுக்ஸுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு மிகை, அளவு மீறிய போகம் என்று பொருள். அதே வடிவில் இன்னொரு சொல்லும் உண்டு. அதற்கு இடம் பிசகியது என்று பொருள். மூட்டு நழுவுவதை எலும்பு மருத்துவர்கள் இன்றும் ‘லக்ஸேஷன்’ என்கிறார்கள். இரண்டும் ஒரே வேர் என்று கருதும் மொழியறிஞர்கள் உண்டு. இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகியது, வரம்பைத் தாண்டியது என்பதுதான் அந்த வேரின் பொருள் என்பது அவர்கள் வாதம். ஒளியைக் குறிக்கும் ‘லூக்ஸ்’ என்ற சொல்லோடு இதற்கு உறவு இல்லை. காதுக்கு ஒன்றுபோல் இருப்பதால் பலர் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்கள்.

லுக்ஸுஸிலிருந்து ‘லுக்ஸூரியா’ வந்தது. அதற்கு ரோமானியர்கள் இரண்டு இடங்களில் வேலை கொடுத்தார்கள். ஒன்று வயல். உரமும் ஈரமும் கூடிப்போய்ப் பயிர் தண்டும் தழையுமாகக் கொழுத்து நிற்பது லுக்ஸூரியா. வேளாண்மை பற்றிய வெர்ஜிலின் காவியத்தில் ஒரு குறிப்பு வருகிறது: கதிரின் பாரம் தாங்காமல் தாள் சாய்ந்துவிடக் கூடாது என்று, பயிர் இளசாக இருக்கும்போதே மாட்டை விட்டு மேயவிடுகிறான் உழவன். அங்கே இந்தச் சொல்தான் நிற்கிறது. மற்றொன்று ஒழுக்கம். செல்வம் பெருகிய ரோமில் விருந்தும் பட்டும் அடிமைக் கூட்டமுமாக வாழ்வதை வரலாற்றாசிரியர்கள் லுக்ஸூரியா என்று கடிந்தார்கள். கிறித்தவம் வந்தபின் அது தலையான பாவங்கள் ஏழில் ஒன்றாகி, உடலின் வேட்கையைக் குறித்தது. தமிழ்க் கத்தோலிக்கர்களின் ஞானோபதேசப் பட்டியலில் ‘மோகம்’ என்று இருப்பது அதுவே. பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் இச்சொல்லின் வழித்தோன்றல்கள் இன்னும் காமத்தையே குறிக்கின்றன. ஆங்கிலத்தில் மட்டும் பாதை பிரிந்தது. ‘லக்ஸுரி’ விலையுயர்ந்த வசதி ஆயிற்று; 16ஆம் நூற்றாண்டில் நுழைந்த ‘லக்ஸூரியன்ட்’ செடிகொடிகளின் பக்கம் போயிற்று. நம் ஊர் ‘சூப்பர் டீலக்ஸ்’ பேருந்தின் நெற்றியில் எழுதியிருப்பதும் இதே வேர்தான், பிரெஞ்சு வழியாக வந்தது.

தாவரவியலில் இந்தச் சொல்லுக்குக் கறாரான இலக்கணம் வகுத்தவர் லின்னேயஸ். 1751இல் வெளியான ‘ஃபிலோசோஃபியா பொட்டானிக்கா’ நூலில் ‘லுக்ஸூரியான்ஸ்’ என்பது ஒரு கலைச்சொல். இனப்பெருக்க உறுப்புகள் அழியும் அளவுக்கு இதழ்கள் பெருகிவிட்ட பூவுக்கு அந்தப் பெயர். அப்படிப்பட்ட பூ எதுவும் இயற்கையானதன்று, எல்லாம் விகாரங்கள் என்று அவர் தீர்ப்பே எழுதிவிட்டார்.

அவர் சொல்வதைக் கையில் வைத்துப் பார்க்கலாம். ஹவுரா பாலத்தடியில் உள்ள மல்லிக் காட் பூச்சந்தையில் காளி பூசைக்கான செம்பருத்தி கூடைகூடையாக வரும். வங்காளியில் அது ஜபா. ஒற்றைச் செம்பருத்தியில் ஐந்து இதழ். நடுவில் நீண்ட குழல். குழலைச் சுற்றி மஞ்சள் மகரந்தப் பைகள். நுனியில் ஐந்து சிவந்த சூல்முடிகள். எண்ணிவிடலாம். அடுக்குச் செம்பருத்தியைப் பிரித்தால் கணக்குக் குழம்பும். குழல் இருந்த இடத்தில் சுருங்கிய இதழ்கள் பிதுங்கி நிற்கும். ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்தால் அதன் விளிம்பில் ஒரு மகரந்தப் பை ஒட்டிக்கொண்டிருக்கும். இதழாக மாறப்போய் முழுதும் மாறாத மகரந்தத் தாள் அது. லின்னேயஸின் கண்ணுக்கு இது விகாரம். வங்காளிகள் இதைப் ‘பஞ்சமுகி ஜபா’ என்பார்கள். ஐந்து முகம் என்பது தெய்வத்துக்குச் சூட்டும் அடை. நாம் அடுக்குமல்லி, அடுக்கு நந்தியாவட்டை என்கிறோம். அதில் குறை சொல்லும் தொனி கிடையாது. விதை வேண்டும் என்று பார்க்கும் கண்ணும் மாலை வேண்டும் என்று பார்க்கும் கண்ணும் ஒரே பூவை வெவ்வேறாக எடை போடுகின்றன.

மிகையில் குற்றம் காண்பது ஐரோப்பாவுக்கே உரியது என்று நினைத்துவிட வேண்டாம். தொல்காப்பிய உரியியலில் ‘மதவு’ என்ற சொல்லுக்குப் பொருள் தரும் இடம் இந்த ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டியது. மதவு என்றால் மடன், வலி, மிகுதி, வனப்பு என நான்கு பொருள். அறியாமையும் வலிமையும் பெருக்கமும் அழகும் ஒரே சொல்லுக்குள். உறு, தவ, நனி என்று மிகுதியை மட்டும் சொல்லும் உரிச்சொற்கள் தொல்காப்பியத்தில் தனியாக உண்டு. வளத்தை மட்டும் சொல்ல மல்லல் உண்டு. மதவு அவற்றோடு நின்றுவிடவில்லை. பெருகியது ஒரு கட்டத்துக்கு மேல் தன்னை மறக்கும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. செடி மதர்த்து வளர்ந்தது என்போம். ஆள் மதர்த்துத் திரிகிறான் என்றும் சொல்வோம். கொழுந்து, கொழுமை, கொழுப்பு என்ற வரிசையும் அதே வழியில்தான் போகிறது. தஞ்சைப் பக்கத்து உழவர் யூரியா கூடிப்போன நெல்லைப் பார்த்து, ‘பயிர் கொழுத்துப்போச்சு’ என்று சொன்னால் அது மகிழ்ச்சியில் சொன்னது ஆகாது. கருகருவென்று நிற்கும் அந்தப் பயிர் காற்றுக்குச் சாயும். தூரில் புகையான் அடிக்கும். தழை இருக்கும் அளவுக்குக் கதிர் இருக்காது. வெர்ஜிலின் உழவன் மாட்டை விட்டான். இன்றைய வேளாண் அலுவலர் இலை வண்ண அட்டையைக் கொடுத்து, பச்சை இந்த நிறத்தைத் தாண்டினால் தழைச்சத்தை நிறுத்து என்கிறார்.

ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. தமிழ் உழவர் கண்டது தன் வயலின் மிகை. கல்கத்தாவில் ஆங்கிலேயர் கண்டது பிறருடைய நிலத்தின் மிகை. அந்த நிலத்து மக்களையும் சேர்த்தே அந்தச் சொல்லால் அளந்தார்கள்.

மெக்காலே 1834 முதல் 1838 வரை கல்கத்தாவில் இருந்தவர். கிளைவ் பற்றி 1840இல் அவர் எழுதிய கட்டுரையில், வங்காளத்து மண்ணின் வளத்தை, ஆறுகளை, விளைச்சலை வரிசையாகப் புகழ்ந்துவிட்டு, அந்த மென்மையான தட்பவெப்பமே மக்களைச் சோர்ந்தவர்களாக்கிவிட்டது என்று முடிக்கிறார். அடுத்த ஆண்டு வாரன் ஹேஸ்டிங்ஸ் பற்றிய கட்டுரையில் இந்தக் கருத்து இன்னும் கடுமையாக வருகிறது: வங்காளியின் உடலே தளர்ந்தது, ஆண்மை குன்றியது என்கிறார். நிலத்தின் வளமும் மக்களின் ஒழுக்கமும் இங்கே ஒரே தராசில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். லத்தீனை ஆழப் படித்தவர் மெக்காலே. வயலின் கொழுப்பையும் மனிதனின் போகத்தையும் ஒரே சொல்லில் கட்டிய ரோமானிய மரபில் ஊறியவர்களுக்கு, செழித்த நிலத்தில் தளர்ந்த மனிதர்கள் என்ற முடிவுக்கு வர சான்று எதுவும் தேவைப்படவில்லை. சொல்லே சான்றாகிவிட்டது.

உண்மையான சான்று வேறு கதை சொல்கிறது. செழித்தது என்று எல்லோரும் எழுதிய அந்த மண்ணில் 1770இல் பெரும் பஞ்சம் வந்தது. வங்காளி ஆண்டு 1176இல் வந்ததால் அவர்கள் அதை ‘சியாத்தரேர் மன்வந்தர்’, எழுபத்தாறின் பஞ்சம், என்பார்கள். மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டதாக, வங்காள ஆளுநராக இருந்த ஹேஸ்டிங்ஸே 1772இல் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களுக்கு எழுதினார். அதே கடிதத்தில், 1771இன் நிலவரி வசூல் பஞ்சத்துக்கு முந்தைய 1768இன் வசூலையும் தாண்டியதாகவும் எழுதினார். மழை பொய்த்தது உண்மை. செத்தவர்களின் வரியையும் இருந்தவர்களிடம் கறந்ததும் உண்மை. இலை எவ்வளவு அடர்ந்திருந்தாலும் அது தட்டில் விழும் சோறு ஆகாது.

இந்தப் பஞ்சத்தின் நினைவில்தான் கல்கத்தா தாவரவியல் பூங்கா பிறந்தது. ஹூக்ளியின் மேற்குக் கரையில், ஷிப்பூரில் அது இருக்கிறது. இன்றைய பெயர் ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் இந்தியத் தாவரவியல் பூங்கா. அதற்கான யோசனையை 1786இல் முன்வைத்தவர் கர்னல் ராபர்ட் கிட் என்ற ராணுவ அதிகாரி. அரிய செடிகளை வேடிக்கைக்காகச் சேர்ப்பது தன் நோக்கமன்று, மக்களுக்கும் வணிகத்துக்கும் உதவும் செடிகளைப் பெருக்கிப் பரப்புவதே நோக்கம் என்று அவர் தெளிவாக எழுதினார். சவ்வரிசிப் பனை, பேரீச்சை போன்றவை பஞ்சத்தில் கைகொடுக்கும் என்று நம்பினார். 1787இல் பூங்கா தொடங்கியது. கம்பெனிக்குக் கப்பல் கட்டத் தேக்கும் வேண்டியிருந்தது, சந்தைக்கு வாசனைப் பொருளும் வேண்டியிருந்தது. இரக்கமும் இலாபமும் அந்தக் கடிதத்தில் சேர்ந்தே இருக்கின்றன. ஆனாலும் பசுமை வேறு, உணவு வேறு என்பதைக் கண்டு எழுதிய அதிகாரி என்ற அளவில் கிட் எனக்கு மதிப்புக்குரியவராகவே தோன்றுகிறார்.

1793இல் கிட் இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். அவர் வழியாக இந்தக் கதைக்குள் தமிழ்நாடு வருகிறது. ராக்ஸ்பர்க் அதற்குமுன் சென்னை மாகாணத்தில், கோதாவரிப் பக்கத்துச் சாமல்கோட்டையில் இருந்தவர். அங்கே அவருக்கு வழிகாட்டி யோஹான் கெர்ஹார்ட் கோனிக். கோனிக் ஸ்வீடனின் உப்சாலாவில் லின்னேயஸிடம் நேரில் பாடம் கேட்டவர். 1768இல் டேனிஷ் மிஷனின் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தவர். ஊருக்கு வெளியே செடி தேடிப் போய், லின்னேய முறையில் பெயர் எழுதும் பழக்கத்தை மிஷனரிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் பெரிய தமிழ் அகராதி தொகுத்த ராட்லரும் அந்தத் தரங்கம்பாடிக் கூட்டத்தைச் சேர்ந்த தாவரவியலர்தான். ஆக, உப்சாலாவின் லத்தீன் கல்கத்தாவுக்குப் போன வழியில் தரங்கம்பாடியும் ஒரு நிறுத்தம்.

அந்த வழியில் போன ஒரு பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புரசு, பலாசு, முருக்கு என்று நாம் சொல்லும் மரம்; சென்னைப் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த மரம். வங்காளியில் பலாஷ். 1757 ஜூன் 23 அன்று கிளைவ் வென்ற களமான பிளாசியின் சரியான பெயர் பலாஷி. அந்த ஊருக்குப் பெயர் வந்ததும் இந்த மரத்தால்தான். ராக்ஸ்பர்க் இதைப் பற்றி ஏஷியாட்டிக் சொசைட்டியின் ‘ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்’ இதழின் மூன்றாம் தொகுதியில் எழுதினார். பேரினப் பெயர் ‘பூட்டியா’, பூட் பிரபுவின் நினைவாக. சிற்றினப் பெயர் ‘ஃப்ரோன்டோசா’. ஃப்ரோன்ஸ் என்றால் தழை; ‘ஓசுஸ்’ என்ற விகுதி நிறைந்தது என்று பொருள் தரும். தழை நிறைந்தது.

பிப்ரவரி, மார்ச்சில் புருலியா, பாங்குரா பக்கம் போய்ப் பலாசைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் வியப்பாக இருக்கும். அப்போது மரத்தில் பெரும்பாலும் இலையே இருக்காது. கருத்த வெல்வெட் போன்ற புல்லிவட்டத்திலிருந்து கிளி மூக்காய் வளைந்த செம்மஞ்சள் பூக்கள் மொட்டைக் கிளை முழுவதும் மொய்த்திருக்கும். சமஸ்கிருதத்தில் கிம்சுகம், தமிழில் கிஞ்சுகம் என்ற பெயர் அந்தக் கிளி மூக்கால் வந்தது. பூவால் உலகம் அறிந்த மரத்துக்கு ஏன் இலையால் பெயர்?

அந்த மரத்தோடு வாழ்ந்தவர்களிடம் கேட்டால் விடை கிடைக்கும். பூ சில வாரம். இலைதான் ஆண்டின் பெரும்பகுதி. ஒரு காம்பில் மூன்று அகன்ற இலைகள், தோல்போல் தடித்தவை. ஈர்க்கால் தைத்தால் சாப்பாட்டு இலை, மடித்தால் தொன்னை. இந்திக்காரர்கள் மாறாத நிலைமையைச் சொல்ல ‘டாக் மரத்துக்கு மூன்றே இலை’ என்பார்கள். டாக் என்பதும் பலாசே. சமஸ்கிருதத்தில் ‘பலாச’ என்ற சொல்லுக்கே இலை என்றும் பொருள் உண்டு. தமிழ் அகராதிகளும் பலாசம் என்பதற்கு இலை என்ற பொருளைத் தருகின்றன. ஆக, லத்தீன் ஃப்ரோன்டோசாவும் நாட்டுப் பெயரும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. செழிப்பைக் குறிக்கும் லத்தீன் அடைகளில் பழி இல்லாத ஒன்று இது. மிகை என்று ஒதுக்காமல், இருப்பதை இருப்பதாகச் சொல்கிறது. அதே ராக்ஸ்பர்க்கின் கோரமண்டல் செடிகள் நூலில், 1795இன் முதல் தொகுதியில், இதன் உறவான கொடி ஒன்றும் வருகிறது. அதற்குப் பெயர் ‘சூபெர்பா’. இறுமாப்புக் கொண்டது, மற்றவற்றுக்கு மேலே நிற்பது என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள். இங்கே மறுபடியும் மதர்ப்பு.

ஃப்ரோன்டோசா நிலைக்கவில்லை. லாமார்க் 1783லேயே இந்த மரத்துக்கு ‘மோனோஸ்பெர்மா’, ஒற்றை விதையுடையது, என்று பெயர் வைத்திருந்தார். தட்டையான நெற்றின் நுனியில் ஒரே ஒரு விதை இருப்பதைப் பார்த்து வைத்த பெயர். முந்திய பெயருக்கே உரிமை என்பது தாவரவியல் சட்டம். 1894இல் டாபெர்ட் இரண்டையும் சேர்த்து ‘பூட்டியா மோனோஸ்பெர்மா’ ஆக்கினார். இன்றும் அதுதான். ஆனால் அதே முந்துரிமைச் சட்டம் பேரினப் பெயரில் வேறு மாதிரி நடந்துகொண்டது. மலபார்ச் செடிகள் பற்றிய டச்சு நூலான ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸி’ல் இருந்த நாட்டுப் பெயரை எடுத்து, 1763இலேயே அடான்சன் ‘ப்லாசோ’ என்று பேரினப் பெயர் வைத்திருந்தார். அது நம் பலாசேதான். புழக்கத்தில் இருந்த பூட்டியாவைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்து, விதிவிலக்காகப் ப்லாசோவைத் தள்ளினார்கள். பிரிட்டிஷ் பிரபுவின் பெயர் நின்றது. மரத்தின் சொந்தப் பெயர் போயிற்று.

இது நடக்கக் கூடாது என்று கல்கத்தாவிலேயே ஒருவர் வாதாடியிருந்தார். வில்லியம் ஜோன்ஸ், 1784 ஜனவரியில் ஏஷியாட்டிக் சொசைட்டியை நிறுவிய நீதிபதி. இந்தியச் செடிகளுக்கு அவற்றின் சமஸ்கிருதப் பெயர்களையே வைக்க வேண்டும், லின்னேயஸுக்குச் சமஸ்கிருதம் தெரிந்திருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார் என்பது ஜோன்ஸின் கருத்து. அவர் இறந்தபின் ராக்ஸ்பர்க் அசோக மரத்துக்கு ‘ஜோனேசியா அசோகா’ என்று பெயர் வைத்தார். நண்பர் விரும்பியபடி அசோகம் இருந்தது, அவர் விரும்பியிருக்க வாய்ப்பில்லாத வகையில் அவர் பெயரும் இருந்தது. பிற்பாடு ஜோனேசியா போய் ‘சராக்கா’ வந்தது. அசோகா மட்டும் நின்றது. அந்த ஒரு மரத்தில் ஜோன்ஸின் வாதம் வென்றது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜோன்ஸை இந்தக் கட்டுரைக்குள் அழைக்க இன்னொரு காரணமும் உண்டு. 1786 பிப்ரவரி 2ஆம் நாள் சொசைட்டியில் ஆற்றிய உரையில், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று சொன்னார். அந்த உறவைக் கொண்டு பின்னாளில் மொழியறிஞர்கள் நிறுவிய சொற்பிணைப்புகளில் ஒன்று செழிப்பைச் சொல்லும் இன்னொரு லத்தீன் அடைக்கு உரியது. ஆங்கில ‘எக்ஸூபரன்ட்’ என்ற சொல்லின் மூலம் லத்தீன் ‘ஊபெர்’. பசுவின் மடி என்று பொருள். வளமான என்ற அடையாகவும் லத்தீனில் அதே சொல். சமஸ்கிருதத்தில் மடிக்கு ‘ஊதஸ்’, ‘ஊதர்’. கிரேக்கச் சொல்லும் ஆங்கில ‘அட்டர்’ என்பதும் இதன் கிளைகளே. நிலத்தை மடியாகப் பார்க்கும் வழக்கம் ஹோமரிலேயே இருக்கிறது. பால் சுரந்து வெளியே பொங்குவதுதான் எக்ஸூபரன்ட். இந்த வேரில் பெருக்கம் ஒரு கன்றுக்காகச் சுரப்பது. லுக்ஸுஸின் வேரில் பெருக்கம் வழி தவறிப்போவது. ஆங்கிலம் இரண்டையும் ஒத்த பொருளுடைய சொற்களாக அகராதியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டது.

வங்காளிகள் தங்கள் மண்ணுக்குத் தாங்களே அடை சூட்டியபோது மடியின் பக்கம்தான் நின்றார்கள். பங்கிம் சந்திரரின் ‘வந்தே மாதரம்’ நிலத்தைத் தாயாக விளிக்கிறது. அதன் தொடக்க அடைகள், நல்ல என்று பொருள்படும் ‘சு’ முன்னொட்டோடு வருபவை. பாரதியார் இரு முறை தமிழாக்கிய பாடல். அது இடம்பெறும் ‘ஆனந்தமடம்’ நாவல் 1882இல் நூலாக வந்தது; அதன் களம் 1770இன் பஞ்சம். பட்டினியில் ஊர் காலியான கதைக்குள் வைத்துத்தான் பங்கிம் அந்தப் பசுமையைப் பாட வைத்தார். மண் கொடுக்கிறது, கொடுத்தது எங்கே போயிற்று என்ற கேள்வி அந்த அமைப்பிலேயே இருக்கிறது. மெக்காலேயின் கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான மறுமொழி எனக்குத் தெரியவில்லை.

பசுமை வளமா மிகையா என்ற இந்தச் சண்டை தாவரவியல் பூங்காவுக்குள்ளும் நடந்தது. ராக்ஸ்பர்க்குக்குப்பின் நெடுங்காலம் பொறுப்பில் இருந்த வாலிச், மரங்களை அவை வளர்ந்தபடி நிழல் அடரவிட்டார். அவர் விடுப்பில் இருந்த 1842–44 காலத்தில் பொறுப்பேற்ற வில்லியம் கிரிஃபித், தாவரக் குடும்ப வரிசைப்படி பூங்காவை ஒழுங்காக்குகிறேன் என்று பழைய மரங்களை வெட்டித் தள்ளினார். 1848இல் வந்த தாவரவியலர் ஜோசஃப் ஹூக்கர் நிழல் போன அந்த இடத்தைப் பார்த்து வருந்தித் தன் பயண நூலில் எழுதினார். மிச்சத்தை 1864, 1867 புயல்கள் முறித்தன. அத்தனையையும் தாண்டி நிற்கும் பேராலமரம், 1925இல் பூஞ்சை பிடித்த அடிமரத்தை அகற்றியபின் விழுதுகளாலேயே ஒன்றரை எக்டேருக்கு மேல் பரவி நிற்கிறது. 2020 மே மாத ஆம்பன் புயலிலும் சில விழுதுகளை இழந்தது.

மார்ட்டினின் நச்சாவிக் கொள்கை முடிந்ததும் இதே நகரத்தில்தான். ரொனால்ட் ராஸ் 1898இல் கல்கத்தாவில் பறவைகளை வைத்துச் சோதித்து, மலேரியா கொசுவின் கடியால் பரவுகிறது என்று நிறுவினார். நோய் தேங்கிய நீரில் முட்டையிடும் பூச்சியிடம் இருந்தது, இலையிடம் இல்லை. நீரை வடிக்கச் சொன்ன மார்ட்டினின் ஆலோசனை பயனுள்ளதாகவே நின்றது, காரணம்தான் மாறியது. பசுமை மேல் சுமத்திய மருத்துவப் பழி நீங்கியது.

ஏறத்தாழ அதே காலத்தில் வங்காளத்துக்கு லுக்ஸூரியா என்ற சொல் முழுப் பொருளில் பொருந்தும் ஒரு செடி வந்து சேர்ந்தது. ஆகாயத்தாமரை, அவர்கள் மொழியில் கச்சூரிபானா. தென் அமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. ஆறு, கால்வாய், வயல் எல்லாவற்றையும் மூடியது. படகு நகரவில்லை, ஆழநீர் நெல் அதன் அடியில் மடிந்தது. 1921இல் வங்காள அரசு இதை ஆராயக் குழு அமைத்து, ஜகதீஷ் சந்திர போஸைத் தலைவராக்கியது. செடிகளின் உணர்வை ஆராய்ந்த மேதை ஒரு செடியை ஒழிக்க வழி தேட வேண்டியிருந்தது. 1936இல் வங்காள ஆகாயத்தாமரைச் சட்டம் வந்தது. அவரவர் நீர்நிலையில் அது வளராமல் பார்த்துக்கொள்வது அவரவர் கடமை ஆயிற்று.

சட்டத்தால் அது ஒழியவில்லை. கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில், 2002 முதல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இருக்கும் 12,500 எக்டேர் சதுப்பு நிலத்தில், நகரத்தின் கழிவுநீரை வாங்கி மீன் வளர்க்கும் பெரிய குளங்கள் உள்ளன. அவற்றுக்குப் பேடி என்று பெயர். அங்கே மீனவர்கள் ஆகாயத்தாமரையை முற்றாக அகற்றுவதில்லை. கரையோரம் ஒரு பட்டையாக மட்டும் விட்டு, நடுநீருக்குப் போகாமல் மூங்கில் கட்டித் தடுக்கிறார்கள். அலை அந்தப் பட்டையில் மோதி அடங்குவதால் மண்கரை அரிக்காது. சித்திரை வெயிலில் மீன் அதன் நிழலுக்கு ஒதுங்கும். நீரில் வரும் உலோகக் கழிவில் ஒரு பங்கை அதன் வேர் உறிஞ்சிக்கொள்ளும். பட்டை அகன்றுபோனால் படகில் போய் அறுத்துக் கரையில் போடுகிறார்கள்.